தீர்ப்புக்குக் காத்திருக்கும் கொலை வழக்கைப் பற்றி நாம் பேசலாமா?

கேள்வி: ஒரு குடும்பத்துக்குள் நடந்த கொலை வழக்கில் வாதங்கள் முடிந்து, தீர்ப்புக்காக ஒத்திவைத்திருக்கிறார்கள். கணவர்தான் கொன்றார் என்று ஒரு பக்கம், அவரைச் சிக்க வைத்துவிட்டார்கள் என்று இன்னொரு பக்கம். எங்கே போனாலும் இதே பேச்சு. தீர்ப்பு வராத வழக்கைப் பற்றிப் பேசுவது தவறா? வெளியில் பேசுவது நீதிபதியைப் பாதிக்குமா? கோர்ட் எதை வைத்து முடிவு செய்யும்?

பதில்:

பேசுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்குள் ஓர் உயிர் போயிருக்கிறது. அதைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். "குடும்ப விஷயம்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ சாவுகளை நம் நாட்டில் மூடியிருக்கிறோம். ஸ்டவ் வெடித்தது, கிணற்றில் தவறி விழுந்தாள் என்று முடித்துவைத்த கதைகள் தெருவுக்கு வந்து, பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்த பிறகுதான் 1983-இல் கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கான 498ஏ பிரிவும் 1986-இல் வரதட்சணை மரணத்துக்கான 304பி பிரிவும் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏறின. ஊர் பேசியதால் நடந்த நல்லது அது.

ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் கிரிமினல் வழக்குகள் நடத்தியதில் ஒன்றைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். வெளியில் பேசுகிற பேச்சு நீங்கள் நினைக்கிற இடத்தில் போய் விழுவதில்லை. நீதிபதியை அது தொடுகிறதோ இல்லையோ, சாட்சிகளை நிச்சயம் தொடுகிறது. குடும்பக் கொலை வழக்கில் சாட்சிகள் யார்? அதே வீட்டின் பிள்ளை, பாட்டி, மாமா, பக்கத்து வீட்டுக்காரர். அவர்களும் நம்மைப் போலவே டிவி பார்க்கிறார்கள், போன் வைத்திருக்கிறார்கள்.

முதலில் நீதிபதி விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஒரு காலத்தில் இங்கேயும் ஜூரி முறை இருந்தது. குற்றவாளியா இல்லையா என்பதைப் பொதுமக்களில் சிலரைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வைக்கிற முறை அது. 1959-இல் மும்பையில் நடந்த நானாவதி வழக்கு தெரிந்திருக்கும். மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி. பத்திரிகைகளும் மக்களும் அவர் பக்கம் நின்றார்கள். ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் குற்றவாளி இல்லை என்றது. அந்த முடிவை ஏற்க முடியாது என்று வழக்கை விசாரித்த செஷன்ஸ் நீதிபதியே வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை விதித்தார்கள், 1961-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இன்றைக்கு ஜூரி கிடையாது. ஒரே நீதிபதி, தான் சொல்கிற ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை எழுதியே ஆக வேண்டும். அவரும் மனிதர்தான், அவர் வீட்டிலும் டிவி ஓடும். ஆனாலும் "ஊரே சொல்கிறது" என்பதைத் தீர்ப்பில் காரணமாக எழுத முடியாது. எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது.

சாட்சிக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. நான் ஜூனியராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். அம்மா வீட்டுக்குள் வெட்டுப்பட்டு இறந்து கிடந்தார். அப்பா மேல் வழக்கு. என் சீனியர் அப்பாவுக்காக ஆஜரானார். பக்கத்து அறையில் படுத்திருந்த ஆறு வயதுப் பையன்தான் முக்கிய சாட்சி. சம்பவம் நடந்த மறுநாள் அவன் போலீசிடம் சொன்னது மொத்தம் இரண்டு வாக்கியம்: "அம்மா கத்துச்சு. அப்பா கதவைச் சாத்திட்டாரு."

சாட்சி சொல்வதற்குக் குறைந்தபட்ச வயது என்று நம் சட்டத்தில் இல்லை. கேட்கிற கேள்வி புரிகிறதா, புரிந்து பதில் சொல்ல முடிகிறதா என்று நீதிபதி பார்ப்பார், அவ்வளவுதான். வழக்கு விசாரணைக்கு வந்தபோது பையனுக்கு எட்டு வயது. சாட்சிக்கூண்டில் நின்றால் தலை மட்டும்தான் தெரிந்தது. நாற்காலி போட்டு நீதிபதிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். பேர் என்ன, எந்த வகுப்பு, பொய் சொல்லலாமா என்று கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னான். அப்புறம் அரசு வக்கீல் அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது என்று கேட்டார். பையன் மூச்சு விடாமல் சொன்னான்: "தந்தை கூர்மையான ஆயுதத்தால் தாயைச் சரமாரியாகத் தாக்கினார்."

தட்டச்சு செய்தவரின் கை அப்படியே நின்றது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரமாரின்னா என்ன கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியல. டிவில சொன்னாங்க."

என் சீனியர் குறுக்கு விசாரணையில் நாலு கேள்விதான் கேட்டார். அதற்கு மேல் தேவைப்படவில்லை. பையனின் சாட்சியத்தை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது என்று நீதிபதி ஒதுக்கி வைத்தார். மீதி இருந்த ஆதாரம் போதவில்லை. சந்தேகத்தின் பலனை அளித்து அப்பாவை விடுதலை செய்தார்கள். அவர் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என்னை இன்றுவரை உறுத்துவது வேறு. அந்தப் பையன் கேட்ட சத்தமும் பார்த்த கதவும் அவனுக்கே சொந்தமான நினைவுகள். அம்மாவைப் பற்றி அவனிடம் கடைசியாக இருந்தது அதுதான். இரண்டு வருஷம் டிவியிலும் வீட்டுக் கூடத்திலும் திண்ணையிலும் பேசிப் பேசி, அதன் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டார்கள். எது தான் பார்த்தது, எது கேட்டது என்று இனி அவனுக்கே தெரியாது. அவனைச் சுற்றிப் பேசியவர்களில் பலர் அப்பாவுக்குத் தூக்கு வேண்டும் என்று சொன்னவர்கள். அவர்கள் பேச்சே அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியை உடைத்தது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மற்ற கொலை வழக்குகளில் இறந்தவரின் குடும்பம் ஒரு பக்கம், குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பம் மறு பக்கம் என்று பிரித்துவிடலாம். யாருக்காகப் பரிதாபப்படுவது என்பதில் குழப்பம் இருக்காது. குடும்பத்துக்குள் நடந்த கொலையில் இரண்டும் ஒரே குடும்பம். மகளைப் பறிகொடுத்த பாட்டியும், மகனை ஜெயிலில் வைத்திருக்கும் பாட்டியும் ஒரே பேரனின் இரண்டு பாட்டிகள். சில வழக்குகளில் மகனைக் கொன்றதாக இன்னொரு மகன் நிற்பான், தாய் ஒருத்திதான். 1953-இல் தலீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நெருங்கிய உறவினர் சாட்சியத்தைப் பற்றி ஒரு நியாயம் சொன்னது. பறிகொடுத்தவர்கள் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு வேறு ஒருவரை மாட்டிவிட மாட்டார்கள், அதனால் உறவினர் என்பதற்காகவே நம்பாமல் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல நியாயம்தான். ஆனால் இறந்தவரும் நம்மவர், கூண்டில் நிற்பவரும் நம்மவர் என்றால் அந்த நியாயம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஒருவர் கோபத்தில் கூட்டிச் சொல்வார். ஒருவர் பாசத்தில் குறைத்துச் சொல்வார். போலீசிடம் ஒன்று சொல்லிவிட்டு கோர்ட்டில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகள் இந்த வழக்குகளில் அதிகம் வருவதற்கு மிரட்டலும் பணமும் மட்டும் காரணமில்லை. "இருக்கிற ஒருத்தனையும் இழக்கணுமா" என்ற கேள்வி ராத்திரியெல்லாம் அவர்களைத் தின்கிறது. நாம் வெளியிலிருந்து ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு சத்தம் போடும்போது, அந்த வீட்டில் பக்கம் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல்தான் அது இறங்குகிறது.

அப்புறம் முகம். குடும்பக் கொலை வழக்குகளில் மக்கள் அதிகம் பேசுவது ஆதாரத்தைப் பற்றி அல்ல, முகத்தைப் பற்றி. "பெத்த பிள்ளை செத்திருக்கு, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல பாருங்க." இதை நான் கேட்காத வழக்கே இல்லை. அழாவிட்டால் கல்நெஞ்சம், அழுதால் நடிப்பு.

1980 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு அருகே கூடாரம் போட்டுத் தங்கியிருந்தபோது லிண்டி சேம்பர்லேன் என்ற தாயின் ஒன்பது வாரக் குழந்தை காணாமல் போனது. டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிப் போய்விட்டது என்றார் அவர். முதல் விசாரணை அதை ஏற்றுக்கொண்டது. ஊர் ஏற்கவில்லை. அவர் டிவியில் அழாமல் பேசியதும், உடுத்திய உடையும், சார்ந்திருந்த மதப் பிரிவும் பேச்சாயின. குழந்தையின் பெயருக்கு "வனாந்தரத்தில் பலி" என்று பொருள் என ஒரு பொய் பரவியது. 1982 அக்டோபரில் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. கார் முன்பலகைக்கு அடியில் குழந்தையின் ரத்தம் தெறித்திருந்தது என்பது பெரிய ஆதாரம். அது ரத்தமே இல்லை, சத்தத்தைக் குறைக்க காரில் பூசுகிற ஒரு கலவை என்று பின்னால் தெரிந்தது. 1986-இல் குழந்தையின் மேல்சட்டை காட்டு நாய்கள் வாழும் பகுதியில் கிடைத்தது. விடுவித்தார்கள், 1988-இல் தண்டனையை ரத்து செய்தார்கள். குழந்தையைக் கொண்டுபோனது டிங்கோதான் என்று அதிகாரபூர்வமாக எழுத 2012 ஆனது. தான் அழாத ஒரு டிவி பேட்டிக்காக ஒரு தாய் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

சரி, கோர்ட் எதைப் பார்க்கும்? வீட்டுக்குள் நடந்த கொலைக்கு நேரில் பார்த்த சாட்சி பெரும்பாலும் இருக்காது. சூழ்நிலைச் சாட்சியம்தான். கடைசியாக யார் கூட இருந்தார், கதவு எப்படிப் பூட்டியிருந்தது, பிரேதப் பரிசோதனை சொல்கிற நேரம் பொருந்துகிறதா, ஆயுதம் எங்கே கிடைத்தது, போன் எந்த டவரில் இருந்தது. இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்து ஒரு சங்கிலி கட்ட வேண்டும். அந்தச் சங்கிலி எப்படி இருக்க வேண்டும் என்று 1984-இல் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகளாகச் சொன்னது. கிரிமினல் வக்கீல்கள் அதைப் பஞ்சசீலம் என்றே சொல்வோம். அதுவும் ஒரு குடும்ப வழக்குதான். புனேயில் கல்யாணமாகி சில மாதங்களே ஆன பெண் சயனைடு விஷத்தால் இறந்தார், கணவர் மேல் வழக்கு. செஷன்ஸ் கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் தூக்கு என்றன. அந்தப் பெண் அக்காவுக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்களை உச்ச நீதிமன்றம் வரிவரியாகப் படித்தது. அவர் எவ்வளவு மனம் உடைந்திருந்தார் என்று அவற்றில் தெரிந்தது. தற்கொலையாக இருக்கலாம் என்ற வாய்ப்பை அரசுத் தரப்பு அடைக்கவில்லை என்று சொல்லி கணவரை விடுவித்தது. "இவர் செய்திருக்கலாம்" என்பதற்கும் "இவர்தான் செய்திருக்க வேண்டும்" என்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது.

உடனே ஒரு கேள்வி வரும், நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "வீட்டுக்குள்ள இருந்தது அவரு மட்டும்தானே, வேற யார் வந்து கொன்னது?" நியாயமான கேள்வி, சட்டமும் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 106-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 109. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்கிறது. நான்கு சுவருக்குள் நடந்ததற்கு அங்கே இருந்தவர் வாயைத் திறக்காமல் தப்பிக்க முடியாது என்று 2006-இல் திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் இந்தக் கேள்வி எப்போது வரும் என்பதில்தான் வெளியே பேசுகிறவர்கள் தவறுகிறார்கள். முதலில் அரசுத் தரப்பு தன் பங்கை நிரூபிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார், வேறு யாரும் வந்திருக்க வழியில்லை என்பதை எல்லாம் சாட்சியோடு காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் "நீ சொல்" என்று அவர் பக்கம் திரும்பலாம். அரசுத் தரப்பின் ஓட்டையை அடைக்க இந்தப் பிரிவு கிடையாது என்பது 1956-லேயே தீர்ந்துபோன விஷயம்.

அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதும் வீட்டில் இருந்தவர் விளக்க வேண்டியதும் மோதிய இடம் நொய்டாவில் நடந்த ஆருஷி வழக்கு. 2008 மே 16 காலை பதின்மூன்று வயதுப் பெண் தன் அறையில் இறந்து கிடந்தாள். வீட்டு வேலைக்காரரைக் காணவில்லை. அன்று முழுக்க நாடே அவர்தான் கொலைகாரர் என்றது. மறுநாள் அதே வீட்டு மொட்டை மாடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் அவர் உடல் கிடந்தது. கொலைகாரர் என்று பேசப்பட்ட நேரம் முழுக்க அவரும் பிணமாகத் தலைக்கு மேலே கிடந்திருக்கிறார். அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது, அந்த ஒரு நாள் பேச்சுக்கு அவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக நான் படித்ததில்லை. அப்புறம் சந்தேகம் பெற்றோர் மேல் திரும்பியது. ஆதாரம் போதாது, வழக்கை முடித்துக்கொள்கிறோம் என்று சிபிஐ 2010 டிசம்பரில் சொன்னதை கோர்ட் ஏற்காமல் பெற்றோர் மேலேயே வழக்கை நடத்தியது. 2013 நவம்பரில் ஆயுள் தண்டனை. 2017 அக்டோபர் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கணக்குப் புதிருக்கு விடை கண்டுபிடிப்பதுபோல விசாரணை நீதிபதி வழக்கை அணுகியிருக்கிறார் என்று அந்தத் தீர்ப்பில் கண்டித்திருந்தார்கள். புதிருக்கு எப்படியும் ஒரு விடை உண்டு, வழக்குக்கு அப்படி இல்லை. கொன்றவர் யார் என்று தெரியாமலே ஒரு வழக்கு முடியலாம். அதை ஏற்றுக்கொள்வது கஷ்டம், எனக்கும்தான்.

"போலீசிடம் ஒப்புக்கொண்டுவிட்டார், பரபரப்பு வாக்குமூலம்" என்ற செய்தியை வைத்துத்தான் பாதிப் பேச்சு நடக்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அவர் சொல்லி, அதன் பேரில் கத்தி மாதிரி ஏதாவது கண்டெடுத்தால், அந்தக் கண்டுபிடிப்போடு சேர்ந்த பகுதி மட்டும் சாட்சியமாகும். மீதியை நீதிபதி கணக்கில் எடுக்கவே கூடாது. அதாவது, ஊருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் சாட்சியத்தில் இல்லாமலேயே இருக்கும். தீர்ப்பு வந்ததும் "அவனே ஒத்துக்கிட்டானே, எப்படி விட்டாங்க" என்று கோபம் வருவது இதனால்தான்.

சட்டப்படி எது கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி, நிலுவையில் இருக்கும் வழக்கின் போக்கில் தலையிடும் விதமாகப் பிரசுரிப்பது குற்றம்; ஆறு மாதம் வரை சிறை. போனில் எழுதிப் போடுவதும் பிரசுரம்தான். கோர்ட்டில் நடந்ததை உள்ளபடி, நேர்மையாகச் சொல்வது குற்றமாகாது. இறுதியாக முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதும் குற்றமாகாது. இதைவிட முக்கியமாக நான் நினைப்பது சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு. பாதிக்கப்பட்ட குழந்தை மட்டுமல்ல, சாட்சியாக இருக்கும் குழந்தையின் பெயர், படம், பள்ளி, அடையாளம் தெரியும்படியான எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்பத்தோடு எடுத்த பழைய கல்யாணநாள் படத்தை யோசிக்காமல் அனுப்புகிறோமே, அதில் அந்தக் குழந்தை நிற்கும். தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்களுக்கு வந்தால் அழித்துவிடுங்கள்.

இப்போது காத்திருக்கிற காலம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) படி வாதம் முடிந்த முப்பது நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும், காரணம் எழுதி நாற்பத்தைந்து நாள் வரை நீட்டலாம். பழைய சட்டத்தின்கீழ் ஏற்கெனவே நடந்துவரும் வழக்குகளில் இதைவிடத் தாமதமாகலாம். தாமதத்துக்கு உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். ஐம்பது சாட்சிகளின் வாக்குமூலத்தையும் குறுக்கு விசாரணையையும் மறுபடி படித்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத நாள் பிடிக்கும். குற்றவாளி என்று சொன்னால், தண்டனை பற்றி அவரைத் தனியாகக் கேட்ட பிறகே தண்டனையை அறிவிப்பார்கள். தூக்கு என்றால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. விடுதலை என்றால் அரசும் மேல்முறையீடு செய்யலாம், இறந்தவரின் வாரிசுகளும் செய்யலாம். எந்தத் தீர்ப்பு வந்தாலும் அது முதல் கோர்ட்டின் தீர்ப்புதான்.

வந்ததும் டிவியில் ஓடும் ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஏற்றப்படுகின்றன, வழக்கு எண் இருந்தால் தேடிப் பார்க்கலாம். முழுதும் படிக்க நேரமில்லை என்றால், சாட்சியங்கள் முடிந்த பிறகு நீதிபதியே குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரடியாகக் கேட்கும் கேள்விகளுக்கு அவர் என்ன பதில் சொன்னார், அந்தப் பதிலை நீதிபதி ஏன் ஏற்றார் அல்லது ஏன் தள்ளினார் என்று எழுதியிருக்கும் பத்தியை மட்டுமாவது படியுங்கள். வீட்டுக்குள் நடந்த கொலைக்கு வழக்கு அங்கேதான் திரும்பும். அதைப் படித்துவிட்டு, தீர்ப்பு தவறு என்று தோன்றினால் தாராளமாகப் பேசுங்கள். நானும் பேசுவேன்.